உடம்புக்கு அளவான கருவி



'துவக்கு' என்ற சொல் எங்கள் மண்ணில் இலேசாகச் சொல்லிவிடக் கூடியதல்ல. அதன் சத்தத்தில் பிள்ளையை, கணவனை, சகோதரத்தை இழந்தவர்கள் இந்த இதழை வாசிக்கிறீர்கள். விரும்பியோ விரும்பாமலோ அதைக் கையில் ஏந்த நேர்ந்தவர்களும் வாசிக்கிறீர்கள். ஆகவே விடயத்துக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை யாரையும் துவக்குத் தூக்கச் சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டிகளில் பாவிக்கப்படும் வாயுத் துப்பாக்கியை, நடக்க முடியாத ஒரு பெண்ணின் உடம்புக்கு ஏற்றபடி எப்படித் திருகித் திருத்தி அமைக்கிறார்கள் என்பதையே எழுதுகிறேன். அதை அறிந்துகொண்டால், உங்கள் கைக்குள் இருக்கும் ஊன்றுகோலையும், நீங்கள் அமர்ந்திருக்கும் சக்கர நாற்காலியையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள் என்பது என் நம்பிக்கை.

செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு அளவெடுக்கும் வேலையில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். "கால் எப்படியக்கா இருக்கு, நோகுதா?" என்று கேட்டால் எங்கள் பெண்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பரவாயில்லைத் தங்கச்சி, சும்மா தந்ததுதானே." காலைக் கழற்றிப் பார்த்தால் தோல் உரிந்து, புண்பட்டு, சீழ் கட்டியிருக்கும். இலவசமாகக் கிடைத்ததில் குறை சொல்வது நன்றி மறந்த செயல் என்று நினைத்து, மாதக்கணக்காக வேதனையை விழுங்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். உலகத்தின் முதல்தர வீராங்கனை ஒருவர் தன் கருவியில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் "இது எனக்குச் சரியில்லை" என்று சொல்கிறார் என்பதை இவர்களுக்குச் சொல்லவேண்டும் போல் இருந்தது.

ஜெய்ப்பூரில் இருந்து வந்த இரண்டு செய்திகள்

'ஜெய்ப்பூர் கால்' என்ற பெயரைத் தெரியாதவர்கள் வன்னியில் குறைவு. இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்துத் தலைநகரான ஜெய்ப்பூரில், 1960களின் பிற்பகுதியில், இராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது அது. அதற்கு முன்பு கிடைத்த செயற்கைப் பாதங்கள் மேல்நாட்டவர்களுக்காகச் செய்யப்பட்டவை. சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருந்து, சீமெந்துத் தரையில் நடப்பவர்களுக்கு அவை சரி. வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்குபவருக்கும், குந்தியிருந்து சமைப்பவருக்கும், சம்மணம் போட்டு இருப்பவருக்கும் அவை உதவவில்லை. சர்மா றப்பரைக் கொண்டு, எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும் பாதத்தைச் செய்தார். மனிதரைக் கருவிக்கு ஏற்ப மாறச் சொல்லாமல், கருவியை மனிதருக்கு ஏற்ப மாற்றினார். யாழ்ப்பாணத்தில் 1980களில் இருந்து இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையம் அந்தப் பெயரைத் தாங்கியே நிற்கிறது. 2009 இற்கு முன்னர் வன்னியில் செயற்கைக் கால்களைச் செய்து கொடுத்த வெண்புறா நிறுவனத்தையும் உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதே ஜெய்ப்பூர் நகரத்தில் 2001 ஆம் ஆண்டு பிறந்தவர் அவனி லேகரா. 2012 இல் நடந்த வீதி விபத்தொன்றில் அவருடைய முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பள்ளிப் பருவத்திலேயே சக்கர நாற்காலிக்கு வந்தார். மனம் சோர்ந்திருந்த மகளைத் தகப்பன்தான் விளையாட்டின் பக்கம் திருப்பினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வாயுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் சுயசரிதையை வாசித்த பின்னர் அவனிக்கு இந்த விளையாட்டில் ஆழ்ந்த பிடிப்பு உண்டானது. 2015 இல் ஜெய்ப்பூர் சுடுதளத்தில் பயிற்சியைத் தொடங்கினார்.

ஆறு வருடங்களின் பின், 2021 ஆகஸ்ட் 30 ஆம் திகதி, ரோக்கியோ பராலிம்பிக்கில் 10 மீற்றர் வாயுத் துப்பாக்கிப் போட்டியில் 249.6 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். பராலிம்பிக்கில் தங்கம் வென்ற முதலாவது இந்தியப் பெண் அவரே. சில நாட்களின் பின் 50 மீற்றர் போட்டியில் வெண்கலமும் பெற்றார். சரியாக மூன்று வருடங்களின் பின், 2024 ஆகஸ்ட் 30 ஆம் திகதி, பரிஸ் நகரில் 249.7 புள்ளிகளோடு அதே தங்கத்தை மீண்டும் வென்றார்.

கருவியைத் தெரிந்துகொள்வோம்

வாயுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. குழலின் கீழே பொருத்தப்பட்ட சிறிய சிலிண்டரில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். போட்டித் துப்பாக்கியில் அந்தக் காற்றின் அழுத்தம் 200 பார் வரை இருக்கும். ஒரு காரின் ரயரில் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2 பார்தான் என்றால் இதன் வலு விளங்கும். விசையை அழுத்தியதும் காற்றின் ஒரு பகுதி பாய்ந்து, 4.5 மில்லிமீற்றர் பருமனுள்ள சிறிய ஈயக் குண்டைத் தள்ளும். இது விளையாட்டுப் பொருள் என்றாலும் விளையாட்டுச் சாமான் அல்ல. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில், பயிற்றுநரின் கண்முன்னே மட்டுமே இதைப் பாவிக்கவேண்டும்.

இலக்கு 10 மீற்றர் தூரத்தில் இருக்கும். முழு இலக்கின் விட்டமே 45.5 மில்லிமீற்றர்தான். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் நீளம். அதன் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர், பேனா முனையால் வைத்த பொட்டுப் போல. இறுதிப் போட்டியில் 24 குண்டுகள். ஒரு குண்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் புள்ளி 10.9. அவனி பரிஸில் பெற்ற 249.7 ஐ 24 ஆல் பிரித்தால் ஒரு குண்டுக்கு 10.4 வரும். அதாவது சராசரியாக அவருடைய குண்டின் நடுப்பகுதி இலக்கின் நடுவில் இருந்து ஒன்றரை மில்லிமீற்றருக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமான வேலையை, உடம்போடு ஒட்டாத ஒரு கருவியால் செய்ய முடியாது. அதனால்தான் போட்டித் துப்பாக்கியின் ஒவ்வொரு பாகமும் திருகாணிகளால் நகர்த்தக்கூடியதாகச் செய்யப்பட்டிருக்கிறது. தோளில் அணையும் பின்தகட்டை மேலும் கீழும், முன்னும் பின்னும், சரித்தும் வைக்கலாம். கன்னத்தைச் சாய்க்கும் தாங்கியை உயர்த்தலாம், பக்கவாட்டில் தள்ளலாம். கைப்பிடியைத் திருப்பலாம். முன்னங்கை தாங்கும் பகுதிக்கு ஒரு கட்டையைப் பூட்டலாம். குறிபார்க்கும் கண்துளையைக் கிட்டவோ எட்டவோ நகர்த்தலாம். சிறிய இரும்பு எடைகளைச் சேர்த்தோ கழற்றியோ சமநிலையை மாற்றலாம். கடலூரில் பிறந்து உலகக் கிண்ணப் போட்டிகளில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனும், 2021 ரோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பங்குபற்றிய தெஹானி எகொடவெலவும் சுட்டது இதே 10 மீற்றர் போட்டியில்தான். அங்கங்களில் குறைவில்லாத வீராங்கனைகளும் கருவியைத் தங்கள் உடம்புக்கு அளவாக்கிக்கொண்டே களத்துக்கு வருகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு, பிறகு கருவி

துப்பாக்கியைப் பொருத்துவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை வாசித்தபோது, நாங்கள் வேலைத்தலத்தில் செய்வதும் இதுதானே என்று தோன்றியது.

முதலாவது, உடம்பை இயல்பாக இருத்துவது. நிற்பவர் நிற்கவேண்டும், நாற்காலியில் இருப்பவர் இருக்கவேண்டும். துப்பாக்கியைத் தொடவே கூடாது. முதுகு, கழுத்து, தோள் எல்லாம் நோவின்றி, இறுக்கமின்றி இருக்கும் நிலையைக் கண்டுபிடிக்கவேண்டும். சக்கர நாற்காலியில் இருந்து சுடுபவருக்கு இந்த இடத்தில்தான் வேலை அதிகம். இருக்கையின் உயரம், மெத்தையின் தடிப்பு, பாதங்கள் தங்கும் இடம், முதுகுச் சாய்வின் உயரம் என்று எல்லாம் பார்க்கவேண்டும். இடுப்புச் சரிந்தால் தோள் சரியும், தோள் சரிந்தால் குறி சரியும்.

இரண்டாவது, கைப்பிடி. சுட்டுவிரலின் நுனித் தசை மட்டும் விசையில் படும்படி கைப்பிடியும் விசையும் நகர்த்தப்படும். விரல் குட்டையானவர் எட்டிப் பிடிக்கத் தேவையில்லை, விசைதான் கிட்ட வரும்.

மூன்றாவது, பின்தகடு. துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவரும்போது தோள் தகட்டைத் தேடி உயரவோ ஒடுங்கவோ கூடாது. தோள் இருக்கும் இடத்துக்குத் தகடு வரவேண்டும்.

நான்காவது, கன்னத்தாங்கி. தலையை நிமிர்த்தி, கன்னத்தை இலேசாகச் சாய்த்தால் கண் தானாகவே துளையின் நேரே வந்து நிற்கவேண்டும். தாங்கி பதிந்திருந்தால் கழுத்தை மடிப்போம். உயர்ந்திருந்தால் தலையை வலிந்து தூக்குவோம். இரண்டிலும் பத்து நிமிடத்தில் கழுத்துப் பிடித்துக்கொள்ளும், கண் நீர் விடும்.

ஐந்தாவது, கண்துளையும் எடைகளும். அவை கடைசியில்தான். அடிப்படை சரியாக வராமல் இவற்றைத் திருகிப் பயனில்லை.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்வார்கள். துப்பாக்கியை ஏந்தி, இலக்கை நோக்கி, கண்களை மூடிக்கொள்வார்கள். இரண்டு மூன்று மூச்சு விட்டு, உடம்பைத் தளரவிட்டு, கண்களைத் திறப்பார்கள். துப்பாக்கி இலக்கை நேராகப் பார்த்தால் பொருத்தம் சரி. விலகியிருந்தால் கையால் இழுத்து நேராக்கக் கூடாது. கையால் இழுத்தால் அந்த ஒரு குண்டு சரியாகப் போகலாம். அறுபதாவது குண்டு போகாது. தகுதிகாண் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 குண்டுகள் சுடவேண்டும். அவ்வளவு நேரமும் உடம்பை வருத்தி நேராக்கிக்கொண்டிருக்க எவராலும் முடியாது. ஆகவே நாற்காலியைத் திருப்புவார்கள், அல்லது திருகாணியைத் தளர்த்தி மீண்டும் பொருத்துவார்கள்.

இன்னுமொரு பழக்கம் எனக்கு நிரம்பப் பிடித்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வார்கள். இரண்டு திருகாணிகளை ஒன்றாகத் தளர்த்தினால் நன்மை எதனால் வந்தது, கெடுதல் எதனால் வந்தது என்று தெரியாது. மாற்றுவதற்கு முன் பழைய இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள். திகதி, மாற்றம், அதன் பின் எப்படி இருந்தது என்று கொப்பியில் எழுதுவார்கள். சரிவரவில்லை என்றால் பழைய கோட்டுக்கே திரும்பலாம்.

மேலே சொன்ன அபினவ் பிந்த்ராவுக்கு பெய்ஜிங் இறுதிப் போட்டிக்குச் சற்று முன் ஒரு சோதனை வந்தது. ஆயத்தக் குண்டுகள் இலக்கின் நடுவைவிட்டு வெகுவாக விலகி விழுந்தன. குறிகாட்டி நிலை மாறியிருந்தது. அவர் பதறவில்லை. இருந்த சொற்ப நேரத்தில் அதைத் திருகிச் சரிசெய்துகொண்டு சுட்டார், வென்றார். தன் கருவியை அக்குவேறு ஆணிவேறாக அறிந்திருந்தவருக்கே அது முடியும்.

கை இயலாதவருக்கும் கண் தெரியாதவருக்கும்

பராலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இரண்டு பெரிய பிரிவுகள் உள்ளன. துப்பாக்கியின் பாரத்தைத் தாங்களே கைகளில் தாங்கக்கூடியவர்கள் ஒரு பிரிவு. அவனி இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். கைகளிலோ தோளிலோ பாதிப்பு இருப்பதால் பாரத்தைத் தாங்க முடியாதவர்கள் மற்றப் பிரிவு. இந்த இரண்டாம் பிரிவினருக்கு ஒரு தாங்கி கொடுக்கப்படும். அதன் உச்சியில் ஒரு சுருள்வில் இருக்கும். துப்பாக்கி அந்த வில்லின்மேல் அமரும். கட்டையாக, அசையாத தாங்கியாக ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அசையாத தாங்கி கொடுத்தால் சுடுபவருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். வில் பாரத்தைத் தாங்கும், ஆனால் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கிக் குறிபார்ப்பது சுடுபவரின் திறமை. கையின் பாதிப்புக்கு ஏற்ப வில்லின் இறுக்கமும் மாறும். குண்டு போட விரல் இயலாதவருக்கு அதைப் போட்டுவிட ஒரு உதவியாளரும் இருக்கலாம்.

பார்வை இழந்தவர்களுக்கும் இந்த விளையாட்டு வந்திருக்கிறது. துப்பாக்கியில் பொருத்தப்பட்ட கருவி இலக்கை உணர்ந்து, காதில் மாட்டிய ஒலிகேட்கும் கருவிக்குச் சத்தமாக மாற்றி அனுப்பும். இலக்கின் நடுவை நெருங்க நெருங்கச் சத்தத்தின் சுருதி ஏறும். கண் செய்த வேலையைக் காது செய்கிறது.

எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் இல்லை. துப்பாக்கியின் நிறை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. தூரத்தைக் கிட்டக் காட்டும் தொலைநோக்கி பூட்டக் கூடாது. அணியும் தடித்த ஜக்கெற்றின் துணி 2.5 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டிக்கு முன் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள். ஒவ்வொருவருடைய பாதிப்பும் பரிசோதிக்கப்பட்டு, நாற்காலியின் முதுகுச் சாய்வு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதுகூடத் தீர்மானிக்கப்படும். உடம்பில் இல்லாமல் போனதை ஈடுசெய்யும் அளவுக்கு மாற்றம் அனுமதிக்கப்படும். அதற்குமேல் ஒரு வசதி எடுத்தால் தவறு. இதைச் சலுகை என்று அங்கே எவரும் சொல்வதில்லை. விதிப் புத்தகத்தில் எழுதப்பட்ட உரிமை அது.

போரில் இருந்து பிறந்த விளையாட்டு

பராலிம்பிக் என்பதே போரில் காயப்பட்டவர்களால் தொடங்கிய ஒன்று என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான பிரிவொன்று திறக்கப்பட்டது. ஜெர்மனியில் இருந்து தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன் அதற்குப் பொறுப்பாக இருந்தார். அந்தக் காலத்தில் அப்படிக் காயப்பட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள் என்றே கருதப்பட்டது. குட்மன் நோயாளிகளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். புண்கள் குறைந்தன, உயிர்கள் தப்பின. பின்னர் அவர்களுக்கு விளையாட்டைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 ஆம் திகதி, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் பெண்கள். 1976 இல் துப்பாக்கி சுடுதலும் பராலிம்பிக்கில் சேர்ந்தது.

அந்த 1948 ஒலிம்பிக்கிலேயே ஹங்கேரி நாட்டு வீரர் கரோலி தகாச் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். பத்து வருடங்களுக்கு முன், 1938 இல், இராணுவப் பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்திருந்தது. இடது கையால் சுடப் பழகித்தான் அந்தத் தங்கத்தை வென்றார். 1952 இலும் வென்றார்.

அவனி ரோக்கியோவில் தங்கம் வென்ற அதே 2021 ஆகஸ்ட் 30 இல் இலங்கைக்கும் ஒரு தங்கம் கிடைத்தது. ஈட்டி எறிதலில் அதை வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், போரில் கையில் காயமடைந்த இராணுவ வீரர். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் செய்தியை வாசித்தபோது என் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. அதே போரில் கை கால் இழந்த எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு, ஒரு விளையாட்டு மைதானத்தின் வாசல்வரை போகவாவது வழி இருந்தது? போட்டித் துப்பாக்கி ஒன்றின் விலை இலட்சக்கணக்கான ரூபா. அது எங்களுக்கு எட்டாக்கனி. இன்னும் சொல்லப்போனால், எங்கள் மண்ணில் அதைத் தொட மனம் வராதவர்களே அதிகம். அது அவரவர் மனம். ஆனால் அந்தக் கருவியைப் பொருத்தும் முறைக்கு விலை இல்லை. அதை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கருவிகளை அளந்து பார்ப்போம்

வீட்டில் இருந்தபடியே நீங்கள் பார்க்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கக்கத்து ஊன்றுகோல் பாவிப்பவர்கள் நிமிர்ந்து நின்று பாருங்கள். அதன் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் கைப்பிடி இருக்கவேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்று மடிந்திருக்கும். பாரம் உள்ளங்கையில்தான் போகவேண்டும். கக்கத்தில் பாரத்தைப் போட்டுத் தொங்கினால் அங்குள்ள நரம்பு நசிந்து கை விறைக்கும், மணிக்கட்டுச் சோரும். கை விறைக்கிறதென்றால் ஊன்றுகோல் அளவில்லை என்று பொருள். அடியில் உள்ள றப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், இடுப்புக்கும் நாற்காலியின் பக்கத் தகட்டுக்கும் இடையே உள்ளங்கையைச் செருகிப் பாருங்கள். இலேசாகப் போகவேண்டும். இறுகினால் தோல் உரசும், மிகவும் தளர்வாக இருந்தால் உடம்பு ஒருபக்கம் சரியும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் நுனிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாதம் தொங்காமல் மிதிதட்டில் முழுதாகப் பதியவேண்டும். உணர்ச்சி இல்லாத உடம்புக்குப் புண் வருவது தெரியாது. ஆகவே மெத்தை இல்லாமல் இருக்கவே கூடாது. கால் மணி முதல் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள், அல்லது முன்னும் பக்கமும் சாயுங்கள். இரவில் கண்ணாடி வைத்தோ வீட்டாரிடம் சொல்லியோ இடுப்பையும் குதியையும் பாருங்கள்.

செயற்கைக் கால் போட்டிருப்பவர்கள், கழற்றியதும் துண்டக்காலைப் பாருங்கள். சிவந்த அடையாளம் அரை மணித்தியாலத்துக்குள் மறைந்துவிட்டால் பயமில்லை. மறையாமல் நின்றாலோ, கொப்புளம் போட்டாலோ, கால் கிண்ணத்துக்குள் ஆடினாலோ அது அளவு மாறியதற்கு அறிகுறி. உடம்பு மெலியும், பெருக்கும், பிள்ளைப்பேறு வரும், வயது போகும். துண்டக்கால் அதற்கேற்ப மாறும். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த அளவு இன்றைக்கும் சரியாக இருக்கவேண்டும் என்று எந்த நியதியும் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் அடிக்கடி மாற்றவேண்டும்.

உழைக்கும் கருவிகளையும் இப்படியே பாருங்கள். கால் மிதிக்க முடியாதவருக்குத் தையல் மெசினில் கைச்சில்லுப் பூட்டலாம், மோட்டர் பூட்டினால் அதன் விசையை முழங்கையால் அழுத்தும்படி மேசைக்கு மேலே கொண்டுவரலாம். ஒற்றைக் கையால் மண்வெட்டி பிடிப்பவருக்குப் பிடியின் நீளத்தைக் குறைத்து, முன்னங்கையில் மாட்ட ஒரு தோல்பட்டி போடலாம். காய் வெட்டும் பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணியை அடித்து வைத்தால் மற்றக் கையின் வேலையை அந்த ஆணிகள் செய்யும். ஊர்த் தச்சரும் சைக்கிள் கடைக்காரரும் செய்யக்கூடிய வேலைகள் இவை. ஆனால் செயற்கைக் காலின் கிண்ணத்தை மட்டும் வீட்டில் சுரண்டவோ சூடாக்கவோ வேண்டாம். அதைச் செய்தவர்களிடமே கொண்டுபோங்கள்.

அளவு பிழைத்தால் எங்கே போவது? உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து மாங்குளத்தில் அமைத்த உயிரிழை அமைப்பும், வவுனியாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக உருவான வரோட் நிறுவனமும், யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையமும் எங்கள் மக்களுக்காக உருவானவை. போகும்போது வெறுமனே "நோகுது" என்று சொல்லாதீர்கள். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எவ்வளவு தூரம் நடந்தால் நோகிறது என்று ஒரு கொப்பியில் நான்கு நாட்களுக்கு எழுதிக்கொண்டு போங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அளவெடுக்கும் எங்களுக்கு அந்தக் கொப்பியைவிடப் பெரிய உதவி வேறில்லை. திருத்தியபின் அங்கேயே பத்து நிமிடம் நடந்து பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

இலவசமாகத் தந்தவர் எவராயினும், நீங்கள் நடக்கவேண்டும் என்றுதான் தந்தார். மூலையில் சாத்தி வைப்பதற்காக அல்ல. "இது எனக்கு அளவில்லை, கொஞ்சம் திருத்தித் தாருங்கள்" என்று சொல்வதால் நன்றி குறைந்துவிடாது. இன்று இரவு படுக்கப்போகுமுன் உங்கள் கருவியை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எந்த இடம் உங்களை உரசுகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.